சீர் ஏற்றிப் போன குப்பை வண்டி

மாமல்லபுரத்திலிருந்து தெற்கே கடலை ஒட்டிப் போகும் சாலையில் எங்கள் ஊர் இருக்கிறது. பெயர் வேண்டாம். தொண்ணூறுகளின் நடுவில் அந்தச் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக ரிசார்ட்டுகள் வந்தன. அதற்கு முன் ஊரில் குப்பையே கிடையாது, எல்லாம் மாட்டுக்கும் மண்ணுக்கும் போனது என்று யாராவது பெருமூச்சு விட்டால் எனக்கு எரிச்சல் வரும். எங்கள் கொல்லைக் குழி மழைக்காலத்தில் எப்படி நாறும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் குழி எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. எங்கள் நாற்றம் எங்கள் மூக்குக்கு வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பா விவசாயி. நிலத்தில் பாதியை ஒரு ரிசார்ட்டுக்காரருக்கு விற்றுவிட்டு ஒரு டிராக்டரும் டிரெய்லரும் வாங்கினார். செங்கல், மணல் என்று அடித்துக்கொண்டிருந்தவருக்குப் பேரூராட்சியில் குப்பை அள்ளும் ஒப்பந்தம் கிடைத்தது. அதில்தான் வீடு நடந்தது, நானும் செங்கல்பட்டில் கல்லூரிக்குப் போனேன். ஆனால் அதை வெளியில் சொல்ல அப்பாவுக்கு நாக்கு எழாது. என்ன தொழில் என்று யாராவது கேட்டால் "டிரான்ஸ்போர்ட்டு" என்பார். கல்லூரியில் நானும் அதையே சொன்னேன். அம்மாவின் அண்ணன் மட்டும் விடமாட்டார். கல்யாண வீட்டில் நாலு பேர் நடுவில், "இன்னா மச்சான், இன்னிக்கு லோடு இல்லியா?" என்று கேட்டு வைப்பார். அப்பா சிரித்துச் சமாளிப்பார். வீட்டுக்கு வந்த பிறகு யாரோடும் பேசமாட்டார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. ஊர்க் குப்பைக்கென்று டில்லியில் விதிகள் வகுத்தார்கள். வீட்டிலேயே மக்குவது, மக்காதது என்று பிரிக்க வேண்டும். எரிக்கக் கூடாது, கண்ட இடத்தில் கொட்டக் கூடாது. மக்குவது உரமாக வேண்டும், மற்றது மறுபடி உபயோகத்துக்குப் போக வேண்டும். அதற்கும் ஒரு படி மேலே போய், வெளிநாட்டுக்காரர்கள் வந்து போகும் சில ஊர்களைக் குப்பையே மிஞ்சாத ஊர்களாக்கிக் காட்டுவது என்று ஒரு திட்டம் வந்தது. அதில் எங்கள் ஊரும் ஒன்று.

செயல் அலுவலர் எல்லோரையும் கல்யாண மண்டபத்தில் கூட்டி, சுவரில் ஒரு படத்தை மாட்டி விளக்கினார். ஒரு வீடு, வீட்டிலிருந்து ஓர் அம்பு, அம்பு முடிகிற இடத்தில் ஒரு வண்டி, வண்டியிலிருந்து பிரிந்து போகும் அம்புகள், எல்லாம் முடிந்து கடைசியில் ஒரு பெரிய சுழி, அதாவது பூஜ்யம். உலகத்தில் சில நாடுகளில் அரசாங்கமே வருஷம் குறித்துவிட்டது, அந்த வருஷத்துக்குள் குப்பை சுழியாகிவிடும் என்றார். அன்றைக்குச் சாப்பிடும்போது அப்பா ரசத்தில் விரலைத் தொட்டுத் தட்டின் ஓரத்தில் அந்தப் படத்தை எங்களுக்கு வரைந்து காட்டினார்.

"நடுவுல கீது பாரு வண்டி, அது நம்முளுது. அது இல்லாங்காட்டி ஒண்ணும் நடக்காது" என்றார்.

அந்தச் சந்தோஷத்தை நான் இன்றைக்கும் குறை சொல்லமாட்டேன். இத்தனை நாள் மறைத்துவைத்த தொழிலை, நாட்டின் கொள்கை இது என்று ஒரு அதிகாரி மைக்கில் சொன்னால் யாருக்குத்தான் நெஞ்சு நிமிராது? டிராக்டருக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். டிரெய்லரின் இரண்டு பக்கமும் 'குப்பையில்லா நகரம்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார்கள். அம்மாவின் அண்ணனைப் பஸ் ஸ்டாண்டில் கண்டால் அப்பா வேண்டுமென்றே டிரைவரை ஹாரன் அடிக்கச் சொல்வார்.

படத்தில் இருந்த அம்புகளில் ஒன்று உரக்கிடங்குக்குப் போனது. அதற்குச் சவுக்குத் தோப்புப் பக்கம் இடம் பார்த்துக் கொட்டகை போட்டார்கள். கொட்டகைக்குக் கூரை வந்தது, கரண்டு வரவில்லை. இயந்திரம் வரும், வரும் என்றார்கள். வீடுகளில் பலர் ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்தார்கள், எங்கள் வீட்டிலும்தான். பிரித்து வாங்கியதை டிரெய்லரில் ஒன்றாகவே கொட்டினார்கள், ஏனென்றால் டிரெய்லர் ஒன்றுதான். அதற்குள் டில்லியிலிருந்து பார்வையிட வருவார்கள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. ஊருக்குள் ஒரு பொட்டுக் குப்பை கிடக்கக் கூடாது என்று உத்தரவு. ஊருக்கு வெளியே என்ன ஆகலாம் என்பதைப் பற்றி அந்த உத்தரவு ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா தனக்குத் தெரிந்த வழியில் யோசித்தார். சித்திரை, வைகாசியில் குப்பையை வண்டியில் ஏற்றிப்போய் வயலில் அடிப்பது எங்கள் ஜனங்களுக்குப் பழகிப்போன வேலை. ஒரு லோடு சும்மா கொடுத்தால் வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. அப்பாவின் ஒரே தங்கை, என் அத்தை, திருக்கழுக்குன்றம் தாண்டி உள்ளே ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். சின்ன ஏரியை எங்கள் பக்கத்தில் தாங்கல் என்பார்கள். அந்த ஊர்த் தாங்கலை ஒட்டி மாமாவுக்கு நிலம். முதல் லோடைக் கேட்டு வாங்கியதே மாமாதான். ஹோட்டல் வாழையிலையும் அழுகிய காய்கறியுமாகப் போனது. அந்தப் போகம் நெல் நன்றாக வந்ததென்று அவரே ஊரெல்லாம் சொன்னார். பக்கத்து நிலத்துக்காரர்களும் ஆளுக்கொரு லோடு கேட்டார்கள்.

அடுத்த வருஷம் லோடில் இலை குறைந்தது, கேரி பேக் கூடியது. தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் தட்டு, கோழிக் கழிவு, ரிசார்ட்டுக் குழந்தைகளின் டயப்பர் எல்லாம் வந்தன. உழும்போது கேரி பேக் கலப்பையில் தலைமயிர் மாதிரி சுற்றிக்கொண்டது. நிலத்துக்காரர்கள் போதும் சாமி என்று கையெடுத்துக் கும்பிட்ட பிறகு லோடு தாங்கல் கரைக்குப் போனது. கரை புறம்போக்கு, யாரையும் கேட்க வேண்டியதில்லை. மெஷின் வருகிற வரைக்கும்தான் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அதை நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். நாங்களும் நம்பினோம். எங்கள் தெரு பளிச்சென்று இருந்தது, நம்புவதில் எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை.

தை மாதம் ஒரு நாள் காலையில் குழு வந்தது. டில்லி அதிகாரிகள் சிலர், கூடவே ஒரு வெளிநாட்டு அம்மாள். அவர் தன் நாட்டு அரசாங்கத்தில் இதே கொள்கையைக் கவனிப்பவராம். ஆங்கிலத்தில் வரவேற்புரை படிக்க என்னை நிறுத்தினார்கள். கல்லூரியில் டிரான்ஸ்போர்ட்டு என்று சொல்லித் திரிந்த நான், குப்பை வண்டிக்காரர் மகள் என்று மைக்கில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். கை தட்டினார்கள். பிறகு கடற்கரையைப் பார்த்தார்கள், பஸ் ஸ்டாண்டைப் பார்த்தார்கள், கொட்டகையில் குவித்துவைத்த உரத்தைப் பார்த்தார்கள். அது எங்கள் வீட்டு மாட்டு எரு, முதல் நாள்தான் அங்கே போயிருந்தது. டில்லி அதிகாரி ஒருவர் டிராக்டர் மட்கார்டில் கையை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். வெளிநாட்டு அம்மாள் மட்டும் டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மிச்சம் எங்கே போகிறது என்று கேட்டார். மிச்சமே இல்லை மேடம் என்றார் செயல் அலுவலர். அம்மாள் சிரித்துத் தலையாட்டினார். எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. நல்ல நாளில் இதென்ன கேள்வி என்றிருந்தது.

பல வருஷம் கழித்து, வசதியான நாடுகள் சில தங்கள் மிச்சத்தைக் கப்பலில் ஏற்றி வேறு நாடுகளுக்கு அனுப்புவதைப் பற்றிப் படித்தேன். அந்த அம்மாள் தன் வீட்டுச் சங்கதியை மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்டிருப்பார் என்று அப்போது தோன்றியது. அரசாங்கம் எதுவானாலும் தன் எல்லைக்குள்தான் சுழி போட்டுப் பார்க்கிறது. எங்கள் பேரூராட்சிக்குச் சவுக்குத் தோப்போடு எல்லை முடிந்தது. அந்த வருஷம் எங்களுக்குக் கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

குழு வந்து போன கொஞ்ச நாளில் அத்தை மகள் வயசுக்கு வந்தாள். மாசியில் மஞ்சள் நீராட்டு விழா வைத்தார்கள். அப்பாதான் ஒரே தாய்மாமன், சீர் எங்களுடையது.

எங்கள் பக்கத்தில் மாமன் சீர் சும்மா கொண்டுபோய் வீட்டில் இறக்குகிற சாமான் இல்லை. ஊர் எல்லையில் இருக்கும் கோயிலில் தட்டுகளை வைத்துக்கொண்டு மாமன் வீட்டார் காத்திருக்க வேண்டும். பெண் வீட்டார் மேளத்தோடு எதிரே வந்து அழைப்பார்கள். அந்த ஊர்ப் பெண்கள் ஆளுக்கொரு தட்டை வாங்கி ஏந்திக்கொண்டு தெரு வழியாக ஊர்வலமாகப் போவார்கள். தட்டு வாங்க எத்தனை பெண்கள் வந்தார்கள் என்பதில்தான் பெண்ணைப் பெற்றவளுக்கு அந்த ஊரில் என்ன மரியாதை என்று தெரியும். வாழ்க்கைப்பட்டு வந்த ஊரில் அத்தைக்கு அது எவ்வளவு பெரிய நாள் என்று அம்மா எனக்குச் சொல்லிக்கொண்டே தட்டுகளை அடுக்கினாள்.

சீரை டிராக்டரில் எடுத்துப் போவதென்று அப்பா முடிவு செய்தார்.

"ஒரு வேன் சொல்லிட்லாமே. அதுல போயி சீரு எடுத்துகினு போறதா?" என்றாள் அம்மா.

"அதுக்கு இன்னா? டில்லிக்காரனே கைய வச்சி போட்டோ புட்ச்சிகினு போன வண்டி. கண்டவன் வேன்ல என் தங்கச்சிக்கு சீரு போவணுமா?"

இரண்டு நாள் பினாயில் ஊற்றித் தானே கழுவினார். சந்தனம், குங்குமம் வைத்தார். டிரெய்லரின் நான்கு மூலையிலும் வாழை மரம் கட்டி, மாவிலைத் தோரணம் விட்டார். எனக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. பட்டுப் பாவாடை தாவணியில், பழத்தட்டுகளுக்கு நடுவில் ராணி மாதிரி உட்கார்ந்து போனேன்.

தாங்கல் கரையில் வண்டி திரும்பியபோதுதான் அந்த இடத்தை நான் முதலில் பார்த்தேன். கரை எது, குப்பை எது என்று தெரியவில்லை. வேலிக்காத்தான் முள்ளில் கேரி பேக்குகள் காய்த்துத் தொங்கின. தண்ணீர் கறுத்து எண்ணெய் படிந்திருந்தது. ஒரு ரிசார்ட்டின் பெயர் போட்ட பாட்டில்கள் ஓரமாக மிதந்தன. அந்த ரிசார்ட் எங்கள் நிலத்தில் கட்டியது. அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். டிரைவர் பக்கத்தில் மட்கார்டில் உட்கார்ந்திருந்த அப்பா நேராகப் பார்த்தபடி வந்தார்.

கரையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் பச்சை டிராக்டரைக் கண்டதும் ஊரைப் பார்க்க ஓடினார்கள். "குப்பை வண்டி ஊருக்குள்ளார வர்து! குப்பை வண்டி வர்து!" என்று கத்திக்கொண்டே ஓடினார்கள். கோயில் பக்கம் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஆம்பளைகள் சிலர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். வந்தவர்கள் வாழை மரத்தைப் பார்த்தார்கள், தோரணத்தைப் பார்த்தார்கள், பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தார்கள்.

"சீரு" என்றார் ஒருவர்.

"இதுலயா?" என்றார் இன்னொருவர்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அப்பாவும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பார், கொஞ்சம் ஆறியிருக்கும். அவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். நாங்கள் தட்டுகளை இறக்கிக் கோயில் வாசலில் வைத்தோம்.

மேளம் வந்தது. மேளத்தோடு அத்தை, மாமா, மாமாவின் இரண்டு தங்கைகள். அவர்களுக்குப் பின்னால் தெருவிலிருந்து புறப்பட்ட பெண்கள் கோயில் திருப்பத்தில் டிரெய்லரைக் கண்டதும் நின்றுவிட்டார்கள். அத்தை திரும்பிப் பார்த்து, "வாங்களேன், தட்டு வாங்கிக்கங்க" என்று கூப்பிட்டாள். ஒருத்தி மட்டும் முன்னால் வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காத. அந்த வண்டில வந்தத எங்க கையால தொட முடியாது" என்றாள்.

சொல்லிவிட்டு அவளும் போனாள். எங்கள் எதிரிலேயே ஒவ்வொரு கதவாகச் சாத்தினார்கள்.

அத்தை முதல் தட்டை எடுத்தாள். கைகள் நாலைந்து, தட்டுகள் ஏகப்பட்டவை. கடைசியில் நாங்களே எங்கள் சீரைச் சுமந்தோம். மாமன் வீட்டார் தங்கள் சீரைத் தாங்களே தூக்கிக்கொண்டு போனதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ஒரு நடை போய் வைத்துவிட்டு, திரும்பக் கோயிலுக்கு வந்து அடுத்த நடை. மேளக்காரர்கள் இரண்டு நடை வரைக்கும் கூடவே வாசித்தார்கள். மூன்றாவது நடையில் எதற்கு வாசிக்கிறோம் என்று அவர்களுக்கே விளங்காமல் நிறுத்திவிட்டார்கள். சாத்திய கதவுகளுக்கு நடுவில் ஆப்பிள் தட்டை ஏந்திக்கொண்டு நான் நடந்த அந்தத் தெருவை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மிச்சக் கதையை அடுப்படியில் மாமாவின் தங்கை ஒருத்தி சொன்னாள். தாங்கலுக்குப் பக்கத்தில் இருந்ததால் அத்தை வீட்டுக் கிணறுதான் முதலில் கெட்டதாம். தூரத்துப் பம்புசெட்டில் தண்ணீர் பிடிக்கப் போனால், உங்க அண்ணன் வண்டிதானே என்று எல்லோரும் பிடித்து முடிக்கிற வரைக்கும் நிறுத்திவைப்பார்களாம். ஊரே கூடி மறியலுக்குக் கிளம்பியபோது, எங்க அண்ணன் பொழப்பு, கொஞ்சம் பொறுத்துக்கங்க என்று வீடு வீடாகப் போய்க் கெஞ்சியது அத்தைதானாம். பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் இருந்தாள். எங்களிடம் ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. எங்கள் வீட்டுக் குழாயில் மட்டும் குளித்துக்கொண்டே இருந்தாள். என்ன அத்தை, ஒரு நாளைக்கு எத்தனை தரம் குளிப்பீங்க என்று நான்கூடக் கேலி செய்தேன்.

பெண்ணுக்கு முதல் தண்ணீர் ஊற்ற வேண்டியது மாமன் பொண்டாட்டி. அந்தத் தண்ணீரை மாமா வேறு ஊரிலிருந்து மொபெட்டில் குடம் குடமாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அம்மா மஞ்சள் கரைத்து ஊற்றும்போது அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று போட்டோக்காரர் அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

பந்தியில் இலைகள் பாதிக்கு மேல் காலியாக இருந்தன. அப்பா எல்லோரும் எழுந்த பிறகுதான் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்து இரண்டு வாய் வைத்தார், விக்கியது. "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார். அத்தை ஒரு தண்ணீர் பாக்கெட்டின் மூலையைக் கிள்ளிக் கொடுத்தாள். பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் எங்களுக்கென்று ஒரு மூட்டை வாங்கி வைத்திருந்தாள். அப்பா அதை வாயில் வைத்து உறிஞ்சிக் குடித்தார். குடித்து முடித்து, காலிப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயும் இங்கேயும் பார்த்தார். வாசல் பெருக்கிக் கோலம் போட்டுச் சுத்தமாக இருந்தது.

"இத்த எங்கம்மா போடறது?" என்றார்.

"எங்க வோணா போடுண்ணா" என்றாள் அத்தை. "எல்லாம் கடசில இங்கதான வருது."

குத்திக் காட்டிச் சொல்லவில்லை. இன்னும் ஒரு வடை போடட்டுமா என்று கேட்பது போலத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு ரசம் கொண்டுவர உள்ளே போனாள். அப்பா இலையை மூடிவிட்டு எழுந்தார். பாக்கெட்டை நாலாக மடித்துத் தன் வெள்ளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த இடத்தில் சட்டை ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டியில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் தெருவில் விசில் கேட்டது. துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து அம்மா அந்தப் பாக்கெட்டை எடுத்து, மக்காததோடு சேர்த்து, விதிப்படி பிரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நான் கல்லூரி பஸ்ஸுக்காக வாசலில் நின்றிருந்தேன். லோடு நிரம்பியதும் டிரைவர் இறங்கி எங்கள் வாசலுக்கு வந்தார். அவரும் நேற்று எங்களோடு தட்டுச் சுமந்தவர். அதற்கு முன் ஒரு நாளும் அவர் அப்பாவிடம் இப்படிக் கேட்டதில்லை.

"எங்க ஓனர் போறது?"

அப்பா டிரெய்லரைப் பார்த்தார். கொட்டகை என்று சொல்வார், வேண்டாம் இங்கேயே இறக்கு என்று சொல்வார், எதையாவது சொல்வார் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எப்பவும் போற எடந்தான்" என்றார். என்னைப் பார்க்காமல் உள்ளே போனார்.

டிராக்டர் கிளம்பிப் போனது. எனக்கு அந்த வாசலில் நிற்கவே வெட்கமாக இருந்தது. எங்கள் தெருவில் ஒரு துரும்புகூட இல்லை.